கறுப்பு வெள்ளைல எக்ஸ்-மென் படிக்கிறேன், யாரு என்ன கலருன்னே தெரியல

காரைக்குடி புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். காமிக்ஸுக்கு நான் சுத்தப் புதுசு, சினிமா பாத்ததோட சரி. போன மாசம் படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருந்தோம், வளவுல எங்க பங்கு ரூம் வருசக்கணக்கா பூட்டியே கெடந்துச்சு, தொறந்து தூசி தட்டுனா மூலையில ஒரு அட்டைப்பெட்டி. சிங்கப்பூர்ல இருக்க எங்க அம்மான் படிக்கிற காலத்துல வாங்கிப் போட்டதாம். உள்ள டெலிபோன் டைரக்டரி தண்டிக்கு ஒரு புக்கு, எசென்ஷியல் எக்ஸ்-மென், முதல் தொகுதி, பிறவியிலயே சக்தி உள்ள ஒரு கும்பலோட கதை. 500 பக்கத்துக்கு மேல, சாணித்தாளு, உள்ள பூராம் கறுப்பு வெள்ளை. 1975ல வந்த ஜயன்ட் சைஸ் எக்ஸ்-மென்ல ஆரம்பிச்சு அப்புறம் 94ம் இதழ்ல இருந்து 119ம் இதழ் வரைக்கும் இருக்கு.

பழைய சூப்பர்ஹீரோன்னா பேன்ட்டுக்கு மேல ஜட்டி போட்ட வெள்ளைக்கார அண்ணன்க நாலு பேரு, அவங்க காப்பாத்த ஒரு பொண்ணுன்னு தான் நெனச்சுட்டு உக்காந்தேன். மொதக் கதையிலயே வீல்சேர் வாத்தியார் நாடு நாடாப் போயி ஆள் புடிக்கிறாரு. ஜெர்மனியில வால் வெச்ச ஒரு பையன ஊரே தீப்பந்தத்தோட தொரத்துது. சைபீரியாவுல ஒருத்தன் தங்கச்சி மேல ஏற வந்த டிராக்டர உடம்பக் குடுத்து நிறுத்துறான். அப்புறம் ஜப்பான், கனடா, அயர்லாந்து, கென்யா ஆளுக. அமெரிக்காவுல இருந்து புதுசா வர்றது அரிசோனாவுல காட்டெருமை பின்னாடி ஓடுற, அப்பாச்சிங்கற செவ்விந்திய இனத்துப் பையன் மட்டும் தான். அதுவும் 1975லன்னா எனக்கு நம்பவே முடியல.

இப்ப என் கொழப்பம் என்னன்னா, ஸ்டார்ம்னு ஒரு பொண்ணு வருதுல்ல, நீள வெள்ளை முடி, மாடல் மாதிரி மூக்கு, கலர் இல்லாததால கட்டத்துல கென்யான்னு எழுதியிருந்தத பாக்குற வரைக்கும் நான் அத வெள்ளைக்காரப் பொண்ணுன்னே படிச்சிருக்கேன். அட்டைப்படத்தத் திருப்பிப் பாத்தப்புறம் தான் ஓகோன்னு ஆச்சு. இன்னொண்ணு, எல்லாரும் இங்கிலீஷ் பேசுறாங்க ஆனா ரஷ்யாக்காரன் வாக்கியத்துக்கு ஒரு ரஷ்ய வார்த்தை, ஜெர்மன்காரன் வாய தொறந்தா மைன் காட். நம்ம படத்துல சேட்டு வந்தா நம்பள்கி நிம்பள்கின்னு பேசுவாருல்ல அதே கதை தான்.

அதனால கேக்குறேன், இவங்க இத மனசறிஞ்சு செஞ்சாங்களா இல்ல கணக்குக்கு நாட்டுக்கு ஒருத்தன்னு அடுக்குனாங்களா? இதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? அடுத்து எத எடுத்துப் படிக்கலாம்?


தேவகோட்டை ரஸ்தா:

தங்கச்சி, மொத வேலையா அந்தப் பெட்டிய கரையான் இல்லாத எடமாப் பாத்து வை. அந்தத் தாளு ரெண்டு மழைக்காலம் ஈரத்துல கெடந்தா வெத்தலைச் சருகு தான்.

இப்ப கேள்விக்கு வர்றேன். எக்ஸ்-மென் முதல் இதழ் 1963, ஸ்டான் லீ எழுத ஜாக் கிர்பி வரஞ்சது. அதுல அஞ்சு பேரு, சைக்ளாப்ஸ், ஜீன் கிரே, பீஸ்ட், ஏஞ்சல், ஐஸ்மேன். அஞ்சும் வெள்ளை, அஞ்சும் அமெரிக்கா. உலகமே வெறுக்கிற பிறவிகன்னு கதை சொல்லுது, படத்தப் பாத்தா பெரிய எடத்துப் புள்ளைக மாதிரி இருக்கும். விற்பனையும் படுத்துருச்சு, 67ம் இதழ்ல இருந்து 93ம் இதழ் வரைக்கும் பழைய கதையவே மறுபடி அச்சடிச்சு ஓட்டுனாங்க. செத்துப்போன பத்திரிகைங்கறதால தான் 1975ல லென் வீனும் டேவ் காக்ரமும் தைரியமா ஆட்டத்தக் கலைக்க முடிஞ்சுது. வெளிநாட்டு மார்க்கெட்டப் புடிக்கலாம்னு ஒரு வியாபாரக் கணக்கும் அதுல இருந்துச்சு. அப்புறம் பாத்தா கென்யாவும் சோவியத்தும் என்னத்த மார்க்கெட்டு, அது வேற விஷயம்.

நான் உன்ன மாதிரி இங்கிலீஷ்ல படிச்சவன் இல்ல. எனக்கு சூப்பர்ஹீரோன்னா 1972ல சிவகாசி முத்து காமிக்ஸ் முதல் இதழா போட்ட இரும்புக்கை மாயாவி தான், கரண்டுல கைய வெச்சா ஆள் மறைஞ்சு இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும். நான் கையில எடுத்தது அஞ்சாறு வருசம் கழிச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில, அட்டை இல்லாத காப்பி. அதுவும் கறுப்பு வெள்ளை தான். சொல்ல வர்றது என்னன்னா எங்களுக்கு யாரு என்ன கலருன்னே ஒரு எண்ணம் கெடையாது. லண்டன்ல நடக்குற கதை, ஆனா பேசுறது சிவகாசித் தமிழு, அதனால அந்தாளு எங்களுக்கு மேலத்தெரு ஆளு மாதிரி.

கலர்ல பாத்தது இந்திரஜால் காமிக்ஸ் தான். அதுல வேதாளர், ராணி காமிக்ஸ்ல அவருக்கே பேரு மாயாவி, இரும்புக்கை வேற ஆளு. வெள்ளைக்காரர் ஒருத்தர் பரம்பரை பரம்பரையா காட்டுல மண்டையோட்டு சிம்மாசனத்துல உக்காந்து நாயம் சொல்லுவாரு, சுத்தி கறுப்பு மனுசங்க கும்புட்டுக்கிட்டு நிப்பாங்க. அந்தக் காடு மொதல்ல ஆசியாவுல இருந்து அப்புறம் ஆப்பிரிக்காவுக்கு நகந்துச்சு, நம்ம நாட்டுப் பதிப்புல பேர டெங்காலின்னு மாத்திட்டாங்க. அப்ப எங்களுக்கு அது உறுத்தவே இல்ல, வேதாளர் பக்கம் நின்னு தான் படிச்சோம். மாண்ட்ரேக் கூட வர்ற லோதார் ஒரு ராஜா மகன்யா, ராஜ்யத்த விட்டுட்டு வந்து 1934ல இருந்து புலித்தோல் மாதிரி ஒண்ணக் கட்டிக்கிட்டு மந்திரவாதிக்கு எடுபுடி. 60கள்ல ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் வரைய வந்தப்புறம் தான் அவருக்கு நல்ல சட்டையும் நல்ல பேச்சும் கெடச்சுது.

ஆனா நம்ம ஆளுகளயும் கொறைச்சு சொல்ல முடியாது. 1984ல லயன் காமிக்ஸ் ஆரம்பிச்சப்ப முதல் இதழ்ல நாயகி, மாடஸ்டி. யுத்தத்துல ஊர் பேர் தெரியாம அநாதையா அலஞ்ச பொண்ணு. அப்புறம் டெக்ஸ் வில்லர், இத்தாலிக்காரங்க 1948ல ஆரம்பிச்ச கௌபாய், நவஹோங்கற செவ்விந்திய இனத்துக்கே தலைவரு, கட்டுனது அந்த எனத்துப் பொண்ணு, கூட்டாளி டைகர் ஜாக்கும் நவஹோ. சிவகாசி புண்ணியத்துல இது பூராம் பஸ் ஸ்டாண்டுலயே கெடச்சுச்சு.


வெள்ளைப் பணியாரம்:

ரொம்ப உருகாதீங்க ரெண்டு பேரும். அந்த அப்பாச்சி பையன் தண்டர்பேர்டு என்ன ஆனான்னு ஆச்சி இன்னும் சொல்லல. 95ம் இதழ்ல செத்துட்டான், அதே 1975ல. ஏழு பேரைச் சேத்தாங்க, ரெண்டே இதழ்ல மொதப் பலி யாருன்னு பாத்துக்கங்க. இதுக்கு மேல கூத்து, 2000ல அதே பேர எடுத்து கல்கத்தாவுல இருந்து வர்ற நீல் ஷாராங்கற பையனுக்கு வெச்சாங்க. கொலம்பஸ் பண்ணுன கொழப்பம் காமிக்ஸ்லயும் முடியல போல, அந்த இந்தியன் போயி இந்த இந்தியன்.

1966 ஜூலைன்னு தேதி போட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் 52ம் இதழ்ல ஆப்பிரிக்க ராஜா பிளாக் பேந்தர் வந்தாரு, நாலு பேரையும் தன் நாட்டுக்கு விருந்துக்குக் கூப்புட்டு ஒவ்வொருத்தரா அடிச்சுப் போடுறாரு, சரி, அருமையான கதை, அவரு நாடு வக்காண்டாவுல அமெரிக்காவுலயே இல்லாத மிஷினெல்லாம் இருக்கு. ஆனா அதே வருசம் அக்டோபர்ல கறுப்பு மக்கள் உரிமைக்காக பிளாக் பேந்தர் கட்சின்னு ஒண்ணு நெசமாவே ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம் 1972ல பயந்துக்கிட்டு கொஞ்ச நாளைக்கு அவரு பேர பிளாக் லெப்பர்டுன்னு மாத்துனாங்க. அவரு கதை தனித்தொடரா ஓடுன பத்திரிகை பேரு என்ன தெரியுமா, ஜங்கிள் ஆக்ஷன். லூக் கேஜ் 1972ல சொந்தப் பேர்ல பத்திரிகையோட வந்தாரு, அந்த வரிசையில முதல் கறுப்பு சூப்பர்ஹீரோ, ஆனா அவரு மட்டும் கூலிக்கு வேலை பாக்குற ஹீரோ. மத்தவன் எல்லாம் உலகத்த சும்மா காப்பாத்துவான்.

எனக்குப் புடிச்ச ஒரே எடம் 1970ல கிரீன் லான்டர்ன் 76ம் இதழ். டென்னி ஓ நீல் எழுதி நீல் ஆடம்ஸ் வரஞ்சது. வயசான ஒரு கறுப்பு ஆளு ஹீரோவ நிக்க வெச்சுக் கேப்பாரு, எங்கெங்கயோ இருக்க நீலத்தோல்காரனுக்கும் ஊதாத்தோல்காரனுக்கும் ஓடுறியே, கறுப்புத்தோல்காரனுக்கு என்ன செஞ்சேன்னு. ஹீரோ தலைய தொங்கப் போட்டுட்டு நிப்பாரு. 1938ல சூப்பர்மேன் வந்ததுக்கும் இதுக்கும் 32 வருசம் ஆச்சு, இத ஒருத்தர் கேக்க.

சேட்டு விஷயம் சொன்னீங்க, நம்ம கதை என்ன, படத்துல செட்டியார்னா கணக்குப்புள்ளை இல்லாட்டி வட்டிக்கடை. பர்மாவுல இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு நடந்தே வந்தவங்க கதைய எவன் எடுத்தான்.


காரைக்குடி புதுசு:

பணியாரம் அண்ணே (அண்ணனா அக்காவா தெரியல, மன்னிக்கணும்), தண்டர்பேர்டு சாவு வரைக்கும் படிச்சேன், ஓடுற பிளேன்ல ஏறி அடிச்சுக்கிட்டே இருப்பான், வாத்தியார் மனசுக்குள்ள கெஞ்சுவாரு, எறங்க மாட்டான். நீங்க சொன்னப்புறம் அது இன்னும் கடுப்பா இருக்கு.

ஆனா எல்லாமே கணக்குக்கு சேத்த ஆளுகன்னா, ஸ்டார்ம் விஷயத்துல நான் உங்க கூட இல்ல. மொதக் கதையில அத கும்புடுறவங்க மழை வேணும்னு வந்து நிக்கிறாங்க, அது வானத்தப் பாத்து கையத் தூக்குது, கொட்டுது. நான் அங்கயே நிறுத்திட்டேன், ஏன்னா மாசி பங்குனியில எங்க ஊரு முத்துமாரியம்மனுக்கு பால்குடம் எடுக்குறது எதுக்கு, மாரின்னாலே மழை தானே. அப்புறம் வாத்தியார் வந்து நீ தெய்வமெல்லாம் இல்லம்மா, பிறவியிலயே சக்தி உள்ள ஆளு, வா வேலை இருக்குங்கறாரு. அந்த எடம் எனக்குப் புடிக்கல. கும்புட்ட சனங்க என்ன ஆனாங்க, அடுத்த வருசம் மழைக்கு யாருகிட்ட போவாங்க, ஒரு கட்டம் கூட கெடையாது.

102ம் இதழ்ல தான் எனக்கு மாறுச்சு. கெய்ரோவுல சின்னப்புள்ளையா இருக்கப்ப வீட்டு மேல பிளேன் விழுந்து அம்மா அப்பா செத்துருவாங்க, இது இடிபாட்டுக்குள்ள அம்மா பொணத்தோட மாட்டிக்கும். அதனால பெருசான பின்னாடியும் அடைச்ச எடம்னா அதுக்கு ஆகாது, சண்டை நடக்குறப்ப சுவர் இடிஞ்சு விழவும் அப்படியே சுருண்டு உக்காந்துரும். நான் எட்டு வயசுல ரெண்டாங்கட்டுல பாத்திரம் அடுக்குற ரூம்ல ஒளிஞ்சு வெளையாடப் போயி யாரோ வெளிய தாப்பா போட்டுட்டாங்க. பர்மா தேக்குக் கதவு, எவ்வளவு தட்டுனாலும் வளவு வரைக்கும் சத்தம் போகாது. அரை மணி நேரம் தான் இருக்கும், இன்னைக்கும் லிஃப்ட்டுன்னா நான் படியில தான் போவேன். அந்தப் பக்கம் படிக்கிறப்ப எனக்கு அது கென்யாவும் இல்ல அமெரிக்காவும் இல்ல. ஒரு புள்ளை உள்ள மாட்டிக்கிச்சு, அவ்வளவு தான். கணக்குக்கு சேத்த ஆளுக்கு இப்படி ஒரு பயத்த யாரும் மெனக்கெட்டு எழுத மாட்டாங்க.


நாலு கலர் மிஷின்:

எனக்கு காமிக்ஸ் அறிவு கம்மி, ஆனா அச்சுத் தொழில்ல 20 வருசமா இருக்கேன், சிவகாசியில கத்துக்கிட்டு இங்கிட்டு வந்தவன். கலர் பத்தி பேசுறதால சொல்றேன்.

அந்தக்கால அமெரிக்கக் காமிக்ஸ்ல மஞ்சள், சிவப்பு, நீலம் மூணையும் 25, 50, 100 சதவீதம்னு புள்ளியா வெச்சு அடிப்பாங்க, எதுவும் இல்லாம விடுறதையும் சேத்தா ஒவ்வொண்ணுக்கும் நாலு நெலை, பெருக்கிப் பாத்தா மொத்தம் 64 கலர். வெள்ளைக்காரத் தோலுக்கு மஞ்சள் 25, சிவப்பு 25, முடிஞ்சுது, ரெண்டு பிளேட்டு, பளிச்சுன்னு வரும். கறுப்புத் தோலுக்கு மூணும் மேல மேல விழணும். சாணித்தாள்ல மை பரவி சேறு மாதிரி ஆயிரும். அதனால பழைய புக்குல கறுப்பு மனுசங்க சாம்பலும் இல்லாம காப்பியும் இல்லாம ஒரு மாதிரி தெரிவாங்க, ஆசியாக்காரங்கன்னா மஞ்சளக் கூட்டி விட்டுருவாங்க. மிஷின் மேல மட்டும் பழி போட மாட்டேன். அந்த 64ல எத யாருக்குன்னு குறிச்சது மனுசன் தான்.

1963ல சார்ஜன்ட் ஃப்யூரின்னு ஒரு யுத்தக் காமிக்ஸ், கேப் ஜோன்ஸ்னு கறுப்பு சிப்பாய் ஒருத்தர் அந்தப் படையில. கிர்பி கறுப்பு ஆளாத்தான் வரஞ்சாரு, முதல் இதழ் அச்சாகி வந்து பாத்தா அந்தாளு ரோஸ் கலரு. பிளேட்டு போட்டவங்க, இதுல ஏதோ தப்பு நடந்துருச்சுன்னு அவங்களாவே திருத்திட்டாங்கன்னு ஸ்டான் லீ சொல்லியிருக்காரு. வெள்ளைக்காரப் பட்டாளத்துல ஒரு கறுப்பு ஆளு நிக்க முடியும்ங்கறதே அவங்களுக்குத் தோணல. பெரிய சதியெல்லாம் தேவையில்ல. எங்க தொழில்லயே பாக்குறேன், கல்யாண ஃப்ளெக்ஸுக்கு போட்டோ வந்தா யாரும் சொல்லாமலே ஆப்பரேட்டர் பையன் பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சிய ரெண்டு பாயின்ட் ஏத்தி விட்டுருவான்.

இன்னும் ஒண்ணு கேள்விப்பட்டத சொல்றேன், நெசம் தான். இ.சி. காமிக்ஸ்னு ஒரு கம்பெனி, 1953ல ஒரு கதை போட்டாங்க, ஆரஞ்சு ரோபோ நீல ரோபோவ ஒதுக்கி வெக்கிற கிரகத்துக்கு பூமியில இருந்து ஒருத்தர் பரிசோதிக்கப் போவாரு, நீங்க இன்னும் தேறலன்னு சொல்லிட்டு ராக்கெட்டுல ஏறி ஹெல்மெட்டக் கழட்டுவாரு, கறுப்பு மனுசர், நெத்தியில வேர்வை மின்னும். 1956ல அத மறுபடி போடப் போனா, அப்ப புதுசா வந்திருந்த தணிக்கைக்காரங்க அந்தாளு கறுப்பா இருக்கக் கூடாதுன்னு மடக்குனாங்க. முதலாளி கெய்ன்ஸ் சண்டை போட்டு அப்படியே அச்சடிச்சாரு.

நம்ம ஊரு வீட்டு முகப்புல லட்சுமிக்கு ரெண்டு பக்கமும் துப்பாக்கியோட சிப்பாய் பொம்மை நிக்குமே, போன வருசம் எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு வெள்ளையடிச்சாங்க. லட்சுமிக்கும் சிப்பாய்க்கும் ஒரே டப்பா பெயின்ட்டு, ரோஸ் கலரு.


கோட்டையூர் பேராண்டி:

மிஷின் அண்ணே, அந்த முகப்பு போட்டோ இருந்தா போடுங்க. 😂

ஆச்சி, அடுத்து என்ன படிக்கன்னு கேட்டதுக்கு யாரும் பதிலே சொல்லல. உங்க புக்கு 119ல முடியும், அங்கிட்டே தொடருங்க. 94ம் இதழ்ல இருந்து கிறிஸ் கிளேர்மான்ட் தான் எழுத்து, 1991 வரைக்கும் விடாம எழுதுனாரு, ஒரே ஆளு 16 வருசம் ஒரே கும்பலோட குடித்தனம் பண்ணதால தான் ஸ்டார்ம் நீங்க சொன்ன மாதிரி ஒரு ஆளாச்சு, பின்னாடி அந்தக் கும்பலுக்கே தலைவியாவும் ஆவும். 129ம் இதழ்ல கிட்டி பிரைடுன்னு யூதக் குடும்பத்துச் சின்னப்பொண்ணு வரும். அப்புறம் டான் மெக்ரெகர் எழுதுன பிளாக் பேந்தர், 1973ல தொடங்குது. பணியாரம் சொன்ன மாதிரி பத்திரிகை பேரு ஜங்கிள் ஆக்ஷன் தான், ஆனா உள்ள கிட்டத்தட்ட எல்லாருமே கறுப்பு மனுசங்க, வில்லன் உட்பட, வரஞ்ச பில்லி கிரஹாமும் கறுப்பு ஓவியர். அவரு தான் லூக் கேஜ் முதல் இதழுக்கும் மை போட்டவரு. அதனால எல்லாம் வெளிய இருந்து பாத்து எழுதுனதுன்னும் சொல்லிர முடியாது. எழுத்து நெறைய இருக்கும், பொறுமை வேணும்.

இன்னொண்ணு, லீயும் கிர்பியும் பொறந்தப்ப வெச்ச பேரு லீபர், கர்ட்ஸ்பெர்க். ரெண்டு பேருமே பஞ்சம் பொழைக்க வந்த யூத வீட்டுப் புள்ளைக. பேர மாத்திக்கிட்டு பொழச்சவங்க முகமூடி ஆளுகளப் பத்தி எழுதுனதுல எனக்கு ஆச்சரியம் இல்ல.

அந்தப் பெட்டிய எடைக்குப் போட்டுறாதீங்க. எங்க ஊரு ரோஜா முத்தையா போர்டு எழுதுற ஆளு, ஊர் ஊராப் போயி பழைய புஸ்தகம், நோட்டீஸு, கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேத்தாரு. 1992ல அவரு போனப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் வாங்கி, 1994ல சென்னையில நூலகமா ஆச்சு.


வெள்ளைப் பணியாரம்:

அக்கா தான். பில்லி கிரஹாம் விஷயம் தெரியாது, ஒத்துக்கறேன். தண்டர்பேர்டு விஷயத்துல எறங்கி வர மாட்டேன்.


காரைக்குடி புதுசு:

பணியாரம் அக்கா, நீங்க எறங்க வேணாம், அவனே எறங்கல.

நேத்து ஒரு கூத்து. எங்க சித்தி மகன், ரெண்டாங்கிளாஸ், லீவுக்கு வந்திருக்கான். நான் பட்டாலையில உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தேன், பக்கத்துல வந்து ஏன்க்கா இந்த புக்குல யாரும் கலர் அடிக்கலன்னான். நீ அடிக்கிறியான்னு சும்மா கேட்டேன். ஓடிப் போயி கிரயான் டப்பாவத் தூக்கிட்டு வந்துட்டான். ஸ்டார்ம் பறக்குற ஒரு பக்கம். முடிக்கு வெள்ளை கிரயான தேய் தேய்னு தேச்சான், ஒண்ணும் விழல. அப்புறம் முகத்துக்கு வந்தப்ப ஸ்கின் கலர் எடுக்கவான்னு கேட்டு அந்த வெளிர் ரோஸ் கிரயான எடுத்தான். டப்பாவுலயே அதுக்குப் பேரு அது தானே, நானும் சின்ன வயசுல அப்படித்தான் சொல்லியிருக்கேன். இந்தக்கா ஆப்பிரிக்காடா, அது வேணாம்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு என் கையப் புடிச்சு கிரயான ஒவ்வொண்ணா பக்கத்துல வெச்சுப் பாத்தான். கடைசியில பிரவுன எடுத்து மேல லேசா ஆரஞ்சும் போட்டான். கோட்டுக்கு வெளிய கொஞ்சம் போயிருச்சு, ஆனா மிஷின் அண்ணே, உங்க 64ல வந்தத விட இது தேவலாம்.


தேவகோட்டை ரஸ்தா:

தங்கச்சி, மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம். அந்தத் தொகுதியில அவன கிரயான் வெக்க விட்டியா?? ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருக்கக் கூடாதா? மெழுகு அடுத்த பக்கத்துல ஒட்டுமே, நடுவுல ஒரு பட்டர் பேப்பராவது வை, இன்னைக்கே வை.